தேய்ந்த தேயிலை மலையில் யூகலிப்டஸ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: எங்களிடம் 2 ஏக்கர் பழைய தேயிலை மலை இருக்கிறது. கொழுந்து எடுப்பதை விட்டுப் பல வருடங்களாகின்றன. மேல்மண் கழுவப்பட்டு, மானாப்புல் மூடிக் கிடக்கிறது. உயரம் சுமார் 3,500 அடி. ஜூன் முதல் செப்டெம்பர் வரை மழையில்லாத காய்ச்சல்தான். விறகுக்கு டர்பன்டைன் (யூகலிப்டஸ்) மரம் வைக்கச் சொல்கிறார்கள். எப்படித் தொடங்குவது? – பசறை வாசகர்

பதில்: வைக்கலாம். ஆனால் முதலில் நிலத்தை ஒருமுறை நடந்து பாருங்கள். ஊற்று, ஓடை, ஈரப்பள்ளம் இருக்கும் இடங்களை விட்டுவிட்டு மிச்சத்தில் மட்டும் வையுங்கள். காரணம் கீழே இன்னொரு பதிலில் விரிவாக இருக்கிறது.

உங்கள் உயரத்துக்கும் ஊவாவின் மழைக்கும் யூகலிப்டஸில் கிராண்டிஸ் இனம் பொருந்தும். நட வேண்டிய காலம் ஒக்டோபர் கடைசி, நவம்பர். வடகீழ்ப் பருவமழை முழுவதையும் வாங்கி வேர் ஆழமாக இறங்கினால்தான் அடுத்த ஆடிக் காற்றைக் கன்று தாங்கும். சித்திரை மழையை நம்பி நட்டால் வேர் ஓர் அடி போவதற்குள் காய்ச்சல் வந்துவிடும். ஹற்றன், நோர்வூட் பக்கம் மே, ஜூனில் நடுவதைப் பார்த்து ஊவாவில் அதே மாதங்களில் நட்டால் கன்று தப்பாது.

குழிகளை ஆகஸ்ட், செப்டெம்பரிலேயே வெட்டி ஆறவிடுங்கள். ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். கல் மலையானால் அலவாங்கு போட்டு அடித்தட்டை உடையுங்கள். மேலே மட்டும் கிண்டிய குழியில் வேர் தொட்டிக்குள் இருப்பதுபோலச் சுற்றி நின்றுவிடும். வரிசைகள் சரிவுக்குக் குறுக்கே, சமமட்டத்தில் போக வேண்டும். வரிசைக்கு வரிசை 10 அடி, கன்றுக்குக் கன்று 7 அடி. ஏக்கருக்கு ஏறத்தாழ 620 கன்றுகள் பிடிக்கும். காய்ந்த நிலத்தில் அதைவிட நெருக்கினால் மரங்கள் ஒன்றோடொன்று தண்ணீருக்குப் போட்டியிட்டு எல்லாமே மெலிந்து நிற்கும். பழைய கான்கள் (வடிகால்கள்) தூர்ந்திருந்தால் நடுவதற்கு முன்பே வாரிவிடுங்கள். தேயிலைச் செடிகள் திட்டுத்திட்டாகப் பட்டுப்போன இடமிருந்தால் வேர்ப்பூஞ்சணம் இருக்கக்கூடும்; அந்த வேர்களைத் தோண்டியெடுத்து எரித்துவிட்டு நடுவது நல்லது.

தவறணையில் (நாற்றுப் பண்ணையில்) கன்று வாங்கும்போது உயரத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். 8 முதல் 12 அங்குலம் போதும். தண்டின் அடி சற்று மரமாகிச் செம்பழுப்பு நிறம் பட்டிருக்க வேண்டும். ஒரு பையைக் கிழித்துப் பாருங்கள். அடியில் வேர் வட்டமாகச் சுருண்டிருந்தால் அந்தக் கன்று இரண்டு வருடம் நன்றாக வளர்ந்து, மூன்றாம் வருடக் காற்றில் வேரோடு சாயும். சுருள் இலேசாக இருந்தால் பையின் அடியில் அரை அங்குலத்தைக் கூரிய கத்தியால் வெட்டிவிட்டு நடலாம். பையோடு நடுவது கூடவே கூடாது.

நடும் நாளில் மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி, ஈரம் ஓர் அடி ஆழத்துக்குப் போயிருக்கிறதா என்று பாருங்கள். மேலே மட்டும் நனைந்திருந்தால் இன்னும் ஒரு மழை பொறுங்கள். குழியை மேல்மண்ணால் நிரப்பும்போது எப்பாவல பொசுபேற்று 100 கிராம் கலந்துவிடுங்கள். தேயிலை மண்ணின் புளிப்பில் அது மெதுவாகக் கரையும். ஒரு மாதம் கழித்துப் புதுத் தளிர் வந்ததும், மண் ஈரமாக இருக்கும்போது, தண்டிலிருந்து அரை அடி தள்ளி யூரியா 25 கிராம். தண்டோடு ஒட்டிப் போட்டால் கன்று கருகும். பட்டுப்போன இடங்களுக்கு மாற்றுக் கன்றை ஆறு வாரங்களுக்குள் வைத்துவிடுங்கள். பிறகு வைப்பவை பக்கத்து மர நிழலில் எழும்புவதில்லை.

இனி முக்கியமானது புல். ஊவாவில் கன்றுகள் சாவதற்கு உரக் குறைவைவிட மானாப்புல்தான் பெரிய காரணம். புல் வேர் மேல் ஈரத்தை முதலில் குடித்துவிடுகிறது. கன்றைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் மூன்றடிக்குப் புல்லை வேரோடு எடுங்கள். முதல் வருடம் நான்கு தடவை, இரண்டாம் வருடம் இரண்டு தடவை. வரிசைகளுக்கு நடுவிலுள்ள புல்லைப் பிடுங்காமல் அறுத்து மட்டும் விடுங்கள். சரிவில் மண்ணைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அறுத்த புல்லைக் கன்றைச் சுற்றிப் பரப்பலாம், தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி. ஒட்டிப் பரப்பினால் கறையான் ஏறும். மூன்றாம் வருடம் கிளைகள் ஒன்றையொன்று தொட்டுவிட்டால் புல் தானாக அடங்கும்.

ஜூலைக்கு முன் நிலத்தைச் சுற்றி 20 அடி அகலத்துக்குத் தீத்தடுப்பு வரி வெட்டிச் சுத்தமாக வையுங்கள். பக்கத்துப் பத்தனையில் (புல்வெளியில்) யாரோ வைக்கும் தீ ஒரே பகலில் உங்கள் இரண்டு வருட உழைப்பைத் தின்றுவிடும்.

விறகுக்கு 7, 8 வருடத்தில் வெட்டலாம். நல்ல மண்ணில் கிராண்டிஸ் ஹெக்டேருக்கு ஆண்டொன்றுக்கு 25 கன மீற்றருக்கு மேல் கொடுக்கும். உங்கள் மண்ணில் அதில் பாதியை எதிர்பார்த்துக் கணக்குப் போடுங்கள். அதற்கு மேல் சொல்லி யாராவது கன்று விற்றால் நம்ப வேண்டாம்.

கேள்வி: இரண்டு வயதுக் கன்றுகளின் நுனி காய்ந்து பட்டுப்போகிறது. பூச்சியைக் காணோம். மழை வந்ததும் பக்கத்தில் பல குருத்துகள் கிளம்பி மரம் புதர்போல ஆகிறது. – எல்ல வாசகர்

பதில்: போரான் குறைபாட்டின் முகம் இது. நுனி இலைகளைக் கையில் எடுத்துப் பாருங்கள். வழக்கத்தைவிடச் சிறியதாக, சுருங்கி, தடித்து, மடித்தால் பொட்டென்று உடையும். அடி இலைகள் பச்சையாகவே இருக்கும். செடிக்குள் போரான் பழைய இலையிலிருந்து புது இலைக்கு எளிதில் நகராது. மண் காய்ந்தால் வேராலும் எடுக்க முடியாது. ஆகவே வளரும் நுனிதான் முதலில் சாகிறது. இதை வறட்சி என்று எண்ணித் தண்ணீர் ஊற்றிக் களைத்தவர்கள் பலர்.

மரத்துக்கு 15 கிராம் போராக்ஸ், தண்டிலிருந்து ஓரடி தள்ளி வட்டமாகத் தூவி, மழைக்கால ஈரத்தில் மண்ணோடு கிளறிவிடுங்கள். கைப்பிடியால் அள்ளிப் போடாமல் ஒருமுறை தராசில் நிறுத்து, அந்த அளவு கொள்ளும் மூடி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். போரான் கூடினால் இலை விளிம்பு கருகும். குறைபாட்டுக்கும் நஞ்சாவதற்கும் இடையிலான தூரம் குறுகியது. புதராகிப்போன மரத்தில் நேரான, தடித்த ஒரு குருத்தை மட்டும் விட்டு மற்றவற்றை அடியோடு வெட்டுங்கள். புதிதாக நடுபவர்கள் முதல் வருடமே 10 கிராம் போட்டுவிட்டால் இந்தத் தொல்லை வராது.

கேள்வி: எட்டு வயது மரங்களை ஆகஸ்டில் கோடரியால் வெட்டினோம். பாதிக் கட்டைதான் துளிர்த்தது. துளிர்த்ததும் காற்றில் ஒடிந்து விழுகிறது. – வெலிமடை வாசகர்

பதில்: காலமும் கருவியும் தவறு. காய்ச்சலில் வெட்டினால் கட்டையின் பட்டை உலர்ந்து மரத்தை விட்டுப் பிரிந்துவிடும். துளிர் பட்டைக்கு அடியில் இருந்துதான் வர வேண்டும். செப்டெம்பர் கடைசியில், மழைக்குச் சற்று முன்பாக, ரம்பத்தால் தரையிலிருந்து 4 முதல் 6 அங்குலத்தில் வெட்டுங்கள். தண்ணீர் வழியும்படி வெட்டு சற்றுச் சாய்ந்திருக்கட்டும். பட்டை கிழியவே கூடாது. இரண்டு, மூன்றடி உயரத்தில் வெட்டிய கட்டையில் துளிர் உச்சியிலிருந்து கிளம்பும். பிடிப்பு மெலிது, காற்றில் கழன்றுவிடும். கிளை, இலைக் குப்பைகளைக் கட்டை மேல் குவிக்க வேண்டாம். ஆடு, மாடு ஒரு வருடம் உள்ளே வரக் கூடாது.

ஒரு கட்டையில் இருபது துளிர்கூட வரும். உடனே ஒன்றாகக் குறைத்தால் அந்த ஒன்றும் ஒடியும். ஆள் உயரம் தாண்டியதும் மூன்றாக்குங்கள். ஒன்றேகால், ஒன்றரை வருடத்தில் ஒன்று அல்லது எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு. தாழ்வாக முளைத்து, காற்று வரும் பக்கம் நிற்பதைத் தேர்ந்தெடுங்கள். வெட்டிய மரத்தின் பட்டையை நிலத்திலேயே உரித்துப் போடுங்கள். மரம் எடுத்த கல்சியத்தில் பெரும்பங்கு பட்டையில்தான் இருக்கிறது. அதையும் லொறியில் ஏற்றினால் மூன்றாவது வெட்டில் மலை வெறுமையாகிவிடும்.

கேள்வி: எங்கள் லயத்துக்கு வரும் பீலித் தண்ணீர் (ஊற்றுத் தண்ணீர்) குறைந்துகொண்டே போகிறது. மேலே பத்து வருடத்துக்கு முன் யூகலிப்டஸ் போட்டார்கள். மரம்தான் காரணமா? வெட்டினால் தண்ணீர் திரும்புமா? – ஹப்புத்தளை வாசகர்

பதில்: பெரும்பாலும் மரம்தான். நீலகிரியில் கிளென்மோர்கன் என்ற இடத்தில் புல்வெளிப் பள்ளத்தாக்கில் யூகலிப்டஸின் குளோபுலஸ் இனத்தை வைத்து, பக்கத்தில் புல்லாகவே விட்ட பள்ளத்தாக்கோடு ஒப்பிட்டு அளந்தார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் நீர்வரத்து 16 வீதம் குறைந்தது. வெட்டித் துளிர்க்கவிட்ட இரண்டாம் சுற்றில் குறைவு ஏறத்தாழ 25 வீதமானது. துளிர்க்குப் பழைய ஆழமான வேர் தயாராக இருப்பதால் அது முதல் நாளிலிருந்தே குடிக்கிறது. தென்னாபிரிக்காவின் மொகோபுலானில், புல்மலையில் 1969 இல் பள்ளத்தாக்கு முழுவதும் கிராண்டிஸ் நட்டபோது ஒன்பதாவது வருடத்தில் ஓடை அடியோடு வற்றியது. 16 வயதில் மரங்களை வெட்டிய பிறகும் ஓடை பழையபடி வருடம் முழுவதும் ஓட ஐந்து வருடங்கள் பிடித்தன. வேர்கள் காலிசெய்த ஆழ்மண் முதலில் நிரம்பியாக வேண்டும் அல்லவா?

ஆகவே தண்ணீர் திரும்பும், ஆனால் அடுத்த மழையில் அல்ல. தோட்ட நிர்வாகத்திடம் கேட்க வேண்டியது இது: பீலிக்கு மேலுள்ள ஈரப்பள்ளம் முழுவதிலும், ஊற்றைச் சுற்றி 100 அடியிலாவது மரங்களை அகற்ற வேண்டும். கட்டைகளைப் பிடுங்கினால் சரிவு இளகும். நிலத்திலேயே விட்டு, பட்டையை மண்மட்டம் வரை உரித்து, வரும் துளிரை இரண்டு மாதத்துக்கு ஒருமுறை தட்டிவிட்டால் கட்டை சாகும். அந்த இடத்தில் பக்கத்துக் காட்டோடை ஓரம் தானாக வளரும் மரங்களின் கன்றுகளை வையுங்கள். வெட்டவும் ஏற்றவும் என்ன அனுமதி வேண்டும் என்று பிரதேச செயலகத்தில் கேட்டு, அதை எழுத்தில் பெற்ற பிறகே கத்தி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: வெல்லவாயவில் தம்பி வைத்த கமால்டுலென்சிஸ் இன யூகலிப்டஸ் கன்றுகளின் இலை நரம்பில் முடிச்சு முடிச்சாக வீங்குகிறது. – பண்டாரவளை வாசகர்

பதில்: ஒரு மில்லிமீற்றர் அளவுள்ள குளவி இலை நரம்பிலும் காம்பிலும் முட்டையிடுவதால் வருவது. புழு முடிச்சுக்குள் இருப்பதால் மருந்து அடித்துப் பலனில்லை. அந்தக் கன்றுகளை வேறிடத்துக்குக் கொண்டுபோக வேண்டாம். மோசமானவற்றைப் பிடுங்கி எரிக்கட்டும். அந்த வறண்ட நிலத்தில் வருடத்துக்கு ஹெக்டேருக்கு 5 முதல் 10 கன மீற்றருக்கு மேல் இந்த மரம் தராது. ஆகவே வெற்றிடங்களில் வேம்பை வைத்துவிடுவது மேல்.

கேள்வி: 25 வயது கிராண்டிஸ் மரம் வெட்டினோம். முனைகள் நட்சத்திரம்போல வெடித்துவிட்டன. பலகைக்கு உதவுமா? – ஹல்துமுல்ல வாசகர்

பதில்: உதவும். வேகமாக வளர்ந்த மரத்தின் வெளிப்பகுதி இழுவிசையிலும் நடுப்பகுதி அழுத்தத்திலும் நிற்கிறது. வெட்டியதும் அது விடுபடுவதால் வெடிப்பு. அடுத்த மரங்களை நீளமாகவே நிழலில் வைத்து, அறுக்கும் நாளுக்கு முதல்நாள் மட்டும் துண்டு போடுங்கள். முனைகளில் வெட்டிய அன்றே கெட்டியான பெயின்ற் பூசுங்கள். ஒரு வாரத்துக்குள் அறுத்துவிட வேண்டும். மில்லில் ஒரே பக்கமாகப் பலகை எடுத்துப் போகாமல் இரு பக்கமும் மாறி மாறி எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மரம் வில்லாக வளையும். நடுக்குருத்துப் பகுதியை விறகுக்கு ஒதுக்குங்கள். பலகைகளுக்கு இடையில் ஓரங்குலச் சட்டம் வைத்து, மேலே பாரம் ஏற்றி, நிழலில் மூன்று நான்கு மாதம் உலர்த்துங்கள். மண்ணில் ஊன்றும் கம்பத்துக்குக் கிராண்டிஸ் வேண்டாம். ரயில் தண்டவாளக் கட்டைக்கு எடுக்கும் மைக்ரோகோரிஸ் இன யூகலிப்டஸ் அதற்கு நிற்கும்.

கேள்வி: லயத்துக்குப் பின்னால் உள்ள சரிவில் மண்சரிவைத் தடுக்க யூகலிப்டஸ் வைக்கலாமா? – லுணுகலை வாசகர்

பதில்: வேண்டாம். 100 அடிக்கு மேல் வளரும் மரம் பெருமழையில் சரிவுக்குப் பாரமாகும். காற்றில் ஆடும்போது வேர்த்தூரைச் சுற்றி மண் பிளந்து தண்ணீர் உள்ளே இறங்கும். மரத்தின் முழு உயரத்துக்கும் அதிகமான தூரம் வீட்டுக்கு இல்லாவிட்டால் அங்கே யூகலிப்டஸ் கூடாது. சரிவில் வெட்டிவேரைக் குறுக்கு வரிசைகளாக வைத்து, மேலிருந்து வரும் கானைப் பக்கவாட்டில் திருப்பிவிடுங்கள். நிலத்தில் பிளவு, சாய்ந்த மரம், திடீரென்று கலங்கிய ஊற்று ஏதாவது கண்டால் கிராம உத்தியோகத்தர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்கு அறிவியுங்கள். மழை பெய்துகொண்டிருந்தால் அறிவித்துவிட்டுக் காத்திருக்காமல் முதலில் லயத்தை விட்டு வெளியேறுங்கள்.