கணவருக்கு டிமென்ஷியா, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ள முடியுமா?

கணவருக்கு டிமென்ஷியா, அதாவது ஞாபகமும் யோசிக்கும் திறனும் குறைந்துகொண்டே போகும் நோய், என்று உறுதியாகிவிட்டது, ஒரே கேள்வியை நாற்பது தடவை கேட்கிறார், பொறுமை போய்க் கத்திவிடுகிறேன், அப்புறம் தனியாக உட்கார்ந்து அழுகிறேன், இப்படியே வீட்டில் வைத்துச் சமாளிக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். எட்டு வருடமாக என் மனைவியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், அவளுக்கு அல்சைமர், டிமென்ஷியாவிலேயே அதிகம் பேருக்கு வரும் வகை. ஆனால் முதல் இரண்டு வருடம் நான் செய்ததை நீங்கள் செய்யாதீர்கள்.

அந்த இரண்டு வருடமும் வாத்தியார் மாதிரி அவளைத் திருத்திக்கொண்டே இருந்தேன். "இப்பத்தானே சொன்னேன்", "நல்லா யோசிச்சுப் பாரு", "இன்னைக்குப் புதன் இல்லை, செவ்வாய்". மூளையில் ஹிப்போகேம்பஸ் என்று ஒரு பகுதி, புதிதாக நடப்பதைப் பதிந்துவைப்பதில் அதற்குத்தான் முக்கியப் பங்கு. அல்சைமர் பெரும்பாலும் அங்கேதான் முதலில் கை வைக்கும். நான் சொன்ன பதில் உள்ளே பதியவே இல்லை என்னும்போது அவள் எதை யோசித்து எடுப்பாள்? இவ்வளவுதான் விஷயம், எனக்குப் புரிய இரண்டு வருடம் ஆனது.

ஒருநாள் காலையில் மாத்திரையைத் துப்பிவிட்டாள் என்று கத்திவிட்டேன். ஐந்து நிமிடத்தில் மாத்திரையும் மறந்துபோச்சு, கத்தியதும் மறந்துபோச்சு. ஆனால் அன்று சாயங்காலம் வரை நான் பக்கத்தில் போனாலே புடவைத் தலைப்பை இழுத்துப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டிக்கொண்டாள். எதற்குப் பயப்படுகிறோம் என்று அவளுக்கே தெரியாது, பயம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கப்புறம் நான் கத்தவே இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் ரொம்பக் குறைந்துவிட்டது.

நாற்பது தடவை கேட்டால் நாற்பது தடவையும் அதே பதிலை அதே குரலில் சொல்லுங்கள், கூடவே கைக்கு ஏதாவது வேலை கொடுங்கள். கை பழகிய வேலைகள் பேச்சையும் பெயர்களையும் விட ரொம்ப நாள் தங்கும். நான் துவைத்த துணியை மடிக்கக் கொடுப்பேன். அழகாக ஓரம் பார்த்து மடித்து அடுக்குவாள். உள்ளே எடுத்துப்போய்க் கலைத்து, மறுபடி கொண்டுவந்து கொடுப்பேன். ஏமாற்று வேலைதான், எனக்குக் கூச்சமே இல்லை.

பொழுது சாயும் நேரம்தான் கஷ்டம், சன்டவுனிங் என்பார்கள். எங்கள் வீட்டில் ஐந்தரைக்கு ஆரம்பிக்கும். ஒரு பையில் ஒற்றைச் செருப்பு, சீப்பு, டிவி ரிமோட் எல்லாம் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள், "சார், நான் வீட்டுக்குக் கிளம்பறேன், எங்க வீட்டுக்காரர் தேடுவார்" என்பாள். என்னிடம். முதல் தடவை கல்யாண போட்டோவைக் காட்டி நான்தான்டி அது என்று வாதாடினேன், கடைசியில் இரண்டு பேரும் அழுததுதான் மிச்சம். இப்போதெல்லாம் "அவர்கிட்ட சொல்லிட்டேன்மா, வாங்க, நானே கொண்டுபோய் விடறேன்" என்று கூட்டிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு எங்கள் வாசலுக்கே வருவேன். "அப்பாடா, வந்தாச்சு" என்று உள்ளே போய்விடுவாள். இருட்டும் முன்பே எல்லா லைட்டையும் போட்டுவிட்டால் நிழல் குறையும், பாதி ரகளை குறையும்.

ஒரு மாதம் குளிக்க வரவே மாட்டேன் என்று அடம். பாத்ரூம் வாசலில் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள், நானும் கெஞ்சாத கெஞ்சல் இல்லை. பார்த்தால் அங்கே கிடந்த கறுப்பு மிதியடி அவள் கண்ணுக்குப் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது! எடுத்துப் போட்டேன், அன்றே உள்ளே வந்தாள். உங்கள் கணவர் எங்காவது திடீரென்று நின்றுவிட்டால் முதலில் தரையைப் பாருங்கள்.

ஒரே ராத்திரியில் நிலைமை தலைகீழானால் நோய் முற்றிவிட்டது என்று சும்மா இருக்காதீர்கள். என் மனைவி ஒருநாள் சுவரில் ஆட்கள் நிற்கிறார்கள் என்று அலற ஆரம்பித்தாள். டாக்டர் முதலில் சிறுநீரைத்தான் டெஸ்ட் செய்யச் சொன்னார். இன்ஃபெக்ஷன். ஆன்டிபயாடிக் கொடுத்து ஒரு வாரத்தில் பழைய நிலைக்கு வந்துவிட்டாள். மலச்சிக்கல், வலி, உடம்பில் தண்ணீர் குறைவது, புது மாத்திரை, எதுவும் இப்படிச் செய்யலாம், இவர்களுக்குச் சொல்லத் தெரியாது. தூங்கட்டும் என்று நானே ஒருதடவை டாக்டரைக் கேட்காமல் அலர்ஜி மாத்திரை ஒன்றைக் கொடுத்து, அவள் குழப்பத்தை இரண்டு மடங்காக்கினேன். தூக்கம் வரவைக்கும் பழைய வகை அலர்ஜி மாத்திரைகள் இந்த நோய்க்காரர்களுக்கு ஆகவே ஆகாது.

டோனெபெசில், மெமன்டைன் மாதிரி மருந்துகளால் சிலருக்குக் கொஞ்ச காலம் தெளிவு இருக்கும், நோயைத் திருப்பிவிடாது. அதிகமாக எதிர்பார்க்க வேண்டாம்.

பேங்க், சொத்து, கையெழுத்து விஷயங்களை இந்த மாதமே உட்கார்ந்து முடியுங்கள். எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவருக்குப் புரிகிறவரைதான் அதற்கு மதிப்பு.

ஒரே ஆளாக மட்டும் இழுத்துக்கொண்டு போகாதீர்கள். நான் அப்படித்தான் போனேன், நாலாவது வருடம் அவளைத் தூக்கிவிடப்போய் இடுப்பு பிடித்துக்கொண்டு நான் படுக்கையில். அதற்கப்புறம்தான் மகனிடம் வாய்விட்டுக் கேட்டேன். வாரம் இரண்டு ராத்திரி அவன் வந்து படுக்கிறான், அந்த இரண்டு ராத்திரியும் அடுத்த அறையில் கதவைச் சாத்திக்கொண்டு செத்தவன் மாதிரித் தூங்குகிறேன். அதற்கும் முடியாத காலம் வந்தால், பராமரிப்பு இல்லத்தில் விடுவதைப் பாவம் என்று யாராவது சொன்னால், ஒரு வாரம் வந்து இருந்து பார்க்கச் சொல்லுங்கள்.

இன்னும் எழுதலாம், ஆனால் மணி ஐந்தாகிவிட்டது. லைட்டைப் போட வேண்டும்.