பயமுறுத்தியும் அப்பா கண் பரிசோதனைக்கு வரவில்லை

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை. மாத்திரை ஒழுங்காகப் போடுகிறார். கண் பரிசோதனைக்கு மட்டும் வருவதில்லை. "பேப்பர் படிக்கிறேனே, நன்றாகத்தானே தெரிகிறது" என்கிறார். பார்வை போய்விடும் என்று பயமுறுத்தியும் பார்த்துவிட்டோம். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அப்பா சொல்வது உண்மைதான், சிக்கலே அதில்தான் இருக்கிறது. சர்க்கரையால் விழித்திரை கெடத் தொடங்கும்போது வலி இருக்காது, எழுத்தும் தெளிவாகவே தெரியும்.

1950களில் அமெரிக்காவில் காசநோய்க்கு இலவசமாக மார்பு எக்ஸ்ரே எடுத்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு ஆள் வரவில்லை. ஏன் என்று ஹாக்பாம் என்ற உளவியலாளர் விசாரித்தார். 'அறிகுறி இல்லாமலேயே எனக்கும் இருக்கலாம்', 'சீக்கிரம் தெரிந்தால் நல்லது' என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம்தான். உங்கள் அப்பா இடறுவது அந்த முதல் நம்பிக்கையில். அதனால் அவரிடம் பார்வை போவதைப் பற்றிப் பேசாமல், "நன்றாகத் தெரியும்போது பார்ப்பதற்குத்தான் இந்தப் பரிசோதனை" என்று சொல்லிப் பாருங்கள். லேசர், ஊசி என்று பார்வையைக் காக்க வழி இருப்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழி தெரியாமல் பயம் மட்டும் ஏறினால் யாரும் பேச்சை மாற்றத்தான் பார்ப்பார்கள். டாக்டர்களாகிய நாங்களும் இந்தத் தவறைத் தாராளமாகச் செய்கிறோம்!

சரி, அவர் தலையாட்டிவிட்டார் என்று வையுங்கள். அதோடு விட்டுவிடாதீர்கள். 1965இல் வெளியான யேல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்றில் மாணவர்களை டெட்டனஸ் ஊசி போட வைக்கப் பார்த்தார்கள். அதிகம் பயமுறுத்தப்பட்டவர்கள் "போட்டுக்கொள்கிறேன்" என்று சொன்னதோடு சரி, போட்டவர்கள் கணக்கில் பயம் பெரிய வித்தியாசம் எதையும் காட்டவில்லை. மருத்துவ மையத்துக்கு வரைபடம் கொடுத்து, எந்த நேரம் போவீர்கள் என்று யோசிக்க வைத்தவர்களில் 28 சதவீதம் பேர் ஊசி போட்டார்கள்; அப்படிச் செய்யாதவர்களில் 3 சதவீதம்தான். இத்தனைக்கும் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஆகவே "ஒரு நாள் போகலாம்ப்பா" வேண்டாம். "வியாழக்கிழமை பத்து மணிக்கு அப்பாயின்ட்மென்ட், நான் கூட்டிப்போகிறேன்" என்று சொல்லுங்கள். கண்ணில் சொட்டு மருந்து விடுவதால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது. பலர் தட்டிக்கழிப்பது இந்த அரை நாள் தொல்லைக்காகத்தான். அப்புறம், வெளியே வந்ததும் வெயில் கூசும். மறக்காமல் ஒரு கூலிங் கிளாஸ் எடுத்துப் போங்கள்.