கட்டுரை நோட்டில் இரண்டு வரி

மதிப்பிற்குரிய ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் தமிழ் எடுக்கிறேன். எட்டாம் வகுப்பில் மட்டும் 42 பிள்ளைகள். ஆசிரியர் தரும் சிறு ஊக்கம் ஒருவரின் வாழ்க்கையையே மாற்றும் என்று ஆசிரியர் தின மேடைகளில் பேசுகிறார்கள். நடைமுறையில் நான் செய்வது, கட்டுரை நோட்டின் அடியில் ‘நன்று’ என்று எழுதித் தேதி போட்டுச் சுருக்கொப்பம் வைப்பதுதான். நோட்டைத் திரும்ப வாங்கும் பிள்ளை அந்தப் பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறதா என்றுகூடத் தெரியவில்லை.

வகுப்பில் ஒரு பையன் இருக்கிறான். அவன் எழுதினால் காட்சி கண்முன் நிற்கும். வரிக்கு நான்கு பிழையும் இருக்கும். “எட்டு முடிஞ்சதும் அப்பாகூட வேலைக்குப் போயிடுவேன் டீச்சர்” என்கிறான். இவனுக்கும் மற்றவர்களுக்கும் ஊக்கம் என்று நான் என்னதான் செய்ய முடியும்? அதிகம் பாராட்டினால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று சக ஆசிரியர்கள் சொல்வது சரியா?

இப்படிக்கு,
ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

‘நன்று’ என்பதை 42 நோட்டிலும் எழுதலாம். அதனால்தான் எந்தப் பிள்ளைக்கும் அது தனக்கு எழுதியதாகத் தோன்றுவதில்லை. எது நன்றாக இருந்தது என்று தெரியாதபோது அடுத்த முறை அதையே செய்யவும் முடியாது. பிள்ளை எழுதியதில் ஒரு வரியை எடுத்துக்காட்டி எழுதுங்கள். ஊர்த் திருவிழா பற்றிய கட்டுரை என்றால் இப்படி: “‘வடத்தைப் பிடித்ததும் கை சுட்டது’ என்று எழுதியிருக்கிறாய். படித்தபோது நானும் தேர் இழுத்தேன். தேர் நிலைக்கு வந்த பத்தியிலும் இப்படி உடம்பில் பட்ட ஒன்றைச் சேர்த்துப் பார்.” முதலில் அவன் செய்தது, அடுத்து அவன் செய்யவேண்டியது. இரண்டுக்கும் நடுவில் ‘ஆனால்’ வேண்டாம். அதைப் பார்த்ததுமே முன்னால் எழுதியதெல்லாம் ஒப்புக்கு எழுதியது என்று பிள்ளைகள் முடிவு செய்துவிடுவார்கள்.

அந்தக் குறிப்புக்குப் பக்கத்தில் மதிப்பெண் போடாதீர்கள். ரூத் பட்லர் என்ற உளவியலாளர் இஸ்ரேலியப் பள்ளிகளில் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. ஒரு பகுதி மாணவர்களுக்குக் குறிப்பு மட்டும், ஒரு பகுதிக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பகுதிக்கு இரண்டும் கிடைத்தன. குறிப்பு மட்டும் பெற்றவர்களே ஆர்வத்திலும் செயலிலும் மேலே போனார்கள். இரண்டையும் பெற்றவர்களின் நிலை மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே இருந்தது. பத்துக்கு ஆறு என்று பார்த்த பிள்ளை பக்கத்து நோட்டில் எவ்வளவு என்று பார்க்கப் போய்விடுகிறது. மதிப்பெண் கட்டாயம் தேவை என்றால் உங்கள் பதிவேட்டில் குறித்துக்கொண்டு ஒரு வாரம் கழித்துச் சொல்லுங்கள்.

நோட்டைத் திருப்பிக் கொடுத்த அன்றே வகுப்பில் பத்து நிமிடம் ஒதுக்கி, குறிப்பில் சொன்னதைச் செய்யச் சொல்லுங்கள். இந்தப் பத்து நிமிடம் இல்லாவிட்டால் எவ்வளவு அழகான குறிப்பும் வீண். ‘வீட்டில் பார்த்துக்கொள்’ என்று விட்டால் பாதிப் பேர் பையைத் திறக்கவே மாட்டார்கள். கட்டுரை எழுதி இரண்டு மூன்று நாளுக்குள் திருப்பித் தருவதும் முக்கியம். ஒரு மாதம் கழிந்தால் தான் என்ன எழுதினோம் என்பதே பிள்ளைக்கு மறந்திருக்கும்.

42 நோட்டுக்கும் இப்படி எழுத முடியாதுதான். முயன்றால் மூன்றாம் வாரமே சலித்துப்போய் மறுபடி ‘நன்று’க்கு வந்துவிடுவீர்கள். வாரம் எட்டு அல்லது ஒன்பது நோட்டுக்கு மட்டும் எழுதுங்கள். மற்றவற்றுக்கு வழக்கமான திருத்தம் போதும். நோட்டுக்கு மூன்று நிமிடம் என்றால் அரைமணி நேரம். ஐந்து வாரத்தில் எல்லோருக்கும் ஒரு சுற்று முடிந்துவிடும். யாருக்கு எந்தத் தேதியில் எழுதினீர்கள் என்று பெயர்ப்பட்டியலில் குறித்துவையுங்கள். குறிக்காவிட்டால் விடுபடுவது எப்போதும் ஒரே பிள்ளைகள்தான்: நன்றாகவும் எழுதாமல், மோசமாகவும் எழுதாமல், சேட்டையும் செய்யாமல் நடுவில் உட்கார்ந்திருப்பவர்கள்.

உங்கள் சக ஆசிரியர்களின் அச்சத்தில் பாதி உண்மை உண்டு. கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்துவிட்டுச் சிலரிடம் ‘நீ புத்திசாலி’ என்றும் சிலரிடம் ‘நன்றாக உழைத்திருக்கிறாய்’ என்றும் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் சொன்னது ஒரு வாக்கியம்தான். புத்திசாலி எனப்பட்டவர்களில் பெரும்பாலோர் அடுத்து எளிதான புதிர்களையே கேட்டார்கள். கடினமானதில் தோற்ற பிறகு முன்பைவிட மோசமாகச் செய்தார்கள். பட்டத்தைக் காப்பாற்றும் கவலை வந்துவிட்டது. எனவே கெடுப்பது பாராட்டின் அளவைவிட அது எதைச் சுட்டுகிறது என்பதுதான். தன்மேல் நம்பிக்கை குறைந்த பிள்ளையிடம் ‘அற்புதம், அபாரம்’ என்று கொட்டுவதும் ஆகாது. அடுத்த முறை அந்த உயரத்தை எட்ட முடியாது என்று பயந்து, தெரிந்ததற்குள்ளேயே ஒதுங்கிக்கொள்ளும். ‘உன் அக்கா போலவே எழுதுகிறாய்’, ‘பரவாயில்லையே, நீகூட எழுதிட்டியே’ என்பவை பாராட்டுக் கணக்கிலேயே சேராது. இரண்டாவது நேரடியான அவமானம். கூச்சமுள்ள பிள்ளையை எழுப்பி நிறுத்தி ஊரறியப் பாராட்டவும் வேண்டாம். மேசைப் பக்கம் வரும்போது தாழ்ந்த குரலில் சொன்னால் போதும்.

பேனாவே தேவைப்படாத ஊக்கமும் உண்டு. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரு நொடிக்கு மேல் காத்திருப்பதில்லை என்பதை 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வி ஆய்வாளர் பதிவு செய்தார். மூன்று நொடியாக நீட்டியபோது பதில்கள் நீண்டன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் பாருங்கள். வகுப்பில் அது நெடுநேரமாகத் தோன்றும். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுங்கள்.

இனி அந்தப் பையன். அவன் பக்கத்தில் எல்லாப் பிழையையும் சிவப்பில் சுழித்தால் அவன் கண்ணுக்குத் தெரிவது சிவப்பு மட்டுமே. ஒரு முறைக்கு ஒரு வகைப் பிழையை மட்டும் எடுங்கள்: இந்த மாதம் ர, ற மட்டும், அடுத்த மாதம் வல்லினம் மிகும் இடங்கள். திருத்தத்தின் தலைப்பில் ஏன் திருத்துகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அமெரிக்காவில் ஏழாம் வகுப்பு மாணவர்களின் கட்டுரைகளைத் திருத்தி, ‘உன்னிடம் நான் எதிர்பார்ப்பது அதிகம்; உன்னால் அதை எட்ட முடியும் என்று தெரியும்; அதனால்தான் இவற்றை எழுதுகிறேன்’ என்ற பொருளில் ஒரு சீட்டை ஒட்டினார்கள். டேவிட் யேகரும் மற்றவர்களும் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வு அது. திருத்தத்தோடு பொதுவான வேறொரு சீட்டைப் பெற்ற கறுப்பின மாணவர்களில் ஆறில் ஒருவர்தான் கட்டுரையைத் திரும்ப எழுதித் தந்தார். எதிர்பார்ப்பைச் சொன்ன சீட்டைப் பெற்றவர்களில் பத்தில் ஏழு பேர் எழுதித் தந்தார்கள். ஆசிரியருக்குத் தன்மேல் மதிப்பில்லை என்று ஐயப்படக் காரணமுள்ள பிள்ளைக்குத்தான் அந்த வாக்கியம் அதிகம் உதவியது.

ஆனால் வேலைக்குப் போகப்போகிற பிள்ளைக்கு நோட்டுக் குறிப்பு மட்டும் போதாது. அல்ஜியர்ஸின் ஏழைக் குடியிருப்பில் வளர்ந்த பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பர் காம்யு, 1957இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபின் தன் தொடக்கப் பள்ளி ஆசிரியர் லூயி ஜெர்மேனுக்கு நன்றிக் கடிதம் எழுதினார். நீங்கள் கை நீட்டியிராவிட்டால் இதெல்லாம் நடந்திருக்காது என்றார். ஜெர்மேன் செய்ததைப் பாருங்கள். காம்யுவின் தந்தை முதல் உலகப் போரில் இறந்துவிட்டார். பேரனைச் சம்பாதிக்க அனுப்பும் எண்ணத்தில் இருந்தார் பாட்டி. ஜெர்மேன் வீட்டுக்கே போய்ப் பாட்டியிடம் பேசினார். உதவித்தொகைத் தேர்வுக்குப் பணம் வாங்காமல் தனியாகப் பாடம் எடுத்தார். 1924இல் காம்யு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார்.

உங்கள் பையனுக்கும் ஒரு தேர்வு இருக்கிறது: நடுவண் அரசின் உதவித்தொகைக்கான என்.எம்.எம்.எஸ். ஏழாம் வகுப்பில் 55 விழுக்காடு எடுத்த, அரசு அல்லது உதவிபெறும் பள்ளியின் எட்டாம் வகுப்பு மாணவர்கள் எழுதலாம்; பட்டியல் இனத்தவர், பழங்குடியினருக்கு 50. குடும்ப ஆண்டு வருமானம் 3.5 லட்சத்துக்குள் இருக்கவேண்டும். மனத்திறனில் 90 கேள்வி, பாடங்களில் 90 கேள்வி. தேர்வானால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய், நான்காண்டில் 48,000. மனத்திறன் வினாக்கள் பாடப்புத்தகத்தில் இல்லாதவை; பழைய வினாத்தாள்களை வாரம் இரண்டு நாள் போட்டுப் பழகினால்தான் வேகம் வரும். அவனுடைய ஏழாம் வகுப்பு மதிப்பெண்ணை நாளையே எடுத்துப் பாருங்கள். வருமானச் சான்றுக்கு இப்போதே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். அவன் அப்பா வேலை முடிந்து வரும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, அந்த நேரத்தில் அவன் வீட்டுக்குப் போய் இந்த 48,000 ரூபாய்க் கணக்கை அவரிடம் எழுதிக் காட்டுங்கள்.

அன்புடன்