தொட்டால் தப்பாகுமா?

கடிதம்:

வணக்கம். போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் ஐம்பது வயதிருக்கும் ஓர் அம்மா பந்தியிலேயே சரிந்து விழுந்தார். தண்ணீர் தெளித்தார்கள், விசிறினார்கள். 'பொம்பளைங்க யாராவது வாங்க' என்று ஒருவர் கத்தினார். எனக்கு ஆபீஸில் சிபிஆர், அதாவது இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்திச் செய்யும் முதலுதவி, சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஆனாலும் ஒரு பெண்ணின் நெஞ்சில் கை வைக்கத் துணிவு வரவில்லை. வீட்டார் கேஸ் போட்டால்? நான் செய்திருக்க வேண்டுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

பேச்சுமூச்சு இல்லாமல் கிடந்தார் என்றால், ஆமாம், செய்திருக்க வேண்டும். இழுத்து இழுத்து விடுவதும் மூச்சில் சேர்த்தி இல்லை.

இந்தத் தயக்கம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. அமெரிக்காவிலும் கனடாவிலும் இதயம் நின்று விழுந்த சுமார் 19,000 பேரைப் பற்றிய ஆய்வு 2017இல் வந்தது. பொது இடத்தில் விழுந்த ஆண்களில் 45 சதவீதம் பேருக்குப் பக்கத்தில் இருந்தவர்கள் சிபிஆர் செய்திருந்தார்கள். பெண்களில் 39. வீட்டுக்குள் விழுந்தவர்களிடம் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. என்னைக் கேட்டால், கையைக் கட்டிப்போடுவது சுற்றி நிற்பவர்களின் பார்வைதான்.

அதனால் முதலில் வாயைத் திறங்கள். 'எனக்கு சிபிஆர் தெரியும், நெஞ்சை அழுத்தப் போறேன்' என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லுங்கள். ஒருவரைக் கைகாட்டி 108க்குப் போன் போடச் சொல்லுங்கள். பெண்களைக் கூப்பிட்டுச் சுற்றி மறைத்து நிற்கச் சொல்லுங்கள். வேலை கொடுத்துவிட்டால் கூட்டம் உங்கள் ஆளாகிவிடும்.

கை வைக்கும் இடம் நெஞ்சின் நடு எலும்பு, அதன் கீழ்ப்பாதி. ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டியதில்லை, தாலிச் சங்கிலியை ஒதுக்கினால் போதும். 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. விலா எலும்பு முறியக்கூடும், அதற்காக நிறுத்தாதீர்கள்.

கேஸ் விஷயம். சம்மதம் சொல்ல முடியாத நிலையில் கிடப்பவருக்கு, அவர் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு செய்வது குற்றமாகாது என்கிறது பாரதிய நியாய சன்ஹிதாவின் 30ஆம் பிரிவு. பழைய இபிகோவில் அது 92. புதிய சலுகை ஒன்றும் இல்லை. சொந்தக்காரர்கள் முறைக்கலாம், முறைத்துவிட்டுப் போகட்டும்.

இன்னொன்று. ஆபீஸில் நீங்கள் அழுத்திப் பழகிய பொம்மைக்குத் தட்டை நெஞ்சாகத்தான் இருந்திருக்கும். சந்தையில் உள்ள 20 பொம்மைகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்தபோது ஒன்றே ஒன்றுக்குத்தான் மார்பகம் இருந்தது. அடுத்த பயிற்சியில் அந்தப் பொம்மைக்கு ஒரு சேலையைச் சுற்றி, கழுத்தில் ஒரு செயினும் போட்டுத் தரச் சொல்லுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை.