'ஆம்' என்ற சொல் இல்லாத மொழி: அயர்லாந்து பற்றிய கேள்விகளும் பதில்களும்

கால்வே நகரில் 14 ஆண்டுகளாக வசிப்பவன், அவற்றுள் 6 ஆண்டுகள் மாலை வகுப்பில் ஐரிஷ் மொழி கற்றவன் என்ற அளவில் இக்கேள்விகளுக்கு விடை எழுதுகிறேன். ஒரே பொருளைத் தொட்ட கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கேள்வி: ஐரிஷ் என்பது தனி மொழியா, அயர்லாந்துக்காரர் பேசும் ஆங்கிலத்துக்கு இட்ட பெயரா? (டப்ளினில் முதுகலை படிக்க வரவிருக்கும் மாணவி)

தனி மொழிதான். கெல்டிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் கேலிக்கும் மான் தீவின் மாங்க்ஸும் அதன் உடன்பிறப்புகள், வேல்ஸ் மொழி சற்றே தூரத்து உறவு. அதைப் பேசுவோர் அதற்குச் சொல்லும் பெயர் 'கேல்கெ'. 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு அதையே முதல் ஆட்சிமொழியாக வைத்து, ஆங்கிலத்துக்கு இரண்டாம் இடம் தந்தது. நடப்பு வேறு. 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 18.7 லட்சம் பேர் தமக்கு ஐரிஷ் தெரியும் என்று எழுதினார்கள். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுகிறோம் என்றவர்கள் சுமார் 72 ஆயிரம் பேர் மட்டுமே. டானகல், மேயோ, கால்வே, கெர்ரி முதலிய மாவட்டங்களில் 'கேல்டக்ட்' எனப்படும் ஐரிஷ் பேசும் பகுதிகள் உள்ளன. அங்கே சாலைப் பலகைகளில் ஊர்ப்பெயர் ஐரிஷில் மட்டுமே இருக்கும் என்பதால், ஆங்கிலப் பெயரை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டாதீர்கள்.

ஒரு சிறு எச்சரிக்கையும் உண்டு. சில மதுக்கடைகளின் கழிப்பறைக் கதவுகளில் ஐரிஷ் சொல் மட்டுமே எழுதியிருக்கும். 'எம்' எழுத்தில் தொடங்கும் 'ம்னா' என்பது பெண்கள். 'எஃப்' எழுத்தில் தொடங்கும் 'ஃபிர்' என்பது ஆண்கள். ஆங்கில முதலெழுத்தை நம்பிக் கதவைத் திறந்தவர்களில் நானும் ஒருவன்.

கேள்வி: பள்ளியில் கட்டாயப் பாடம் என்கிறார்கள். பிறகு ஏன் பேச்சில் இல்லை? ஆங்கிலேயர் தடை செய்ததால் அழிந்ததா? (மதுரையிலிருந்து ஓர் ஆசிரியர்)

தடை ஒரு பகுதி, பசி பெரும்பகுதி. 1845இல் உருளைக்கிழங்குப் பயிரைத் தாக்கிய நோய் அடுத்தடுத்த ஆண்டுகளிலும் திரும்பி வந்தது. அந்தக் கிழங்கைத் தவிர வேறு உணவில்லாத மேற்குப் பகுதி ஏழைகள்தாம் ஐரிஷ் பேசியவர்களில் மிகப் பலர். ஏறக்குறைய 10 லட்சம் பேர் இறந்தார்கள். இன்னொரு 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கப்பலேறினார்கள். அந்த ஆண்டுகளிலும் தானியமும் கால்நடையும் நாட்டைவிட்டு ஏற்றுமதியாயின என்பதை இங்குள்ளவர்கள் இன்றும் கசப்போடு சொல்வார்கள். பிள்ளை கப்பலேறினால் பிழைக்கும், ஆங்கிலம் தெரிந்தால்தான் கப்பலேறிய இடத்தில் பிழைக்கும் என்ற கணக்கு ஒவ்வொரு வீட்டிலும் நுழைந்தது. குழந்தையின் கழுத்தில் குச்சியைக் கட்டிவிட்டு, ஐரிஷ் சொல் வாயில் வரும்போதெல்லாம் அதில் ஒரு வெட்டு வெட்டி, வெட்டுகளை எண்ணிப் பள்ளியில் அடி கொடுக்கும் வழக்கம் இருந்தது. அந்த வெட்டைப் போட்டவர்களில் பெற்றோரும் உண்டு என்பதுதான் எனக்கு மிகவும் உறைத்த செய்தி.

இன்றைய பள்ளிக் கல்வியின் குறை வேறு வகையானது. தேர்வுக்காகக் கட்டுரையை மனப்பாடம் செய்தவர்களுக்குக் கடையில் பால் கேட்க வாய் வருவதில்லை.

கேள்வி: ஐரிஷில் 'ஆம்', 'இல்லை' என்ற சொற்களே கிடையாதாமே? தமிழோடு அதற்கு உறவு உண்டா? (கோவையிலிருந்து இருவர்)

முதற்பகுதி உண்மை. 'அன் வில் தூ துர்ஷக்', அதாவது 'களைப்பாக இருக்கிறாயா' என்று கேட்டால், விடை 'தா' (இருக்கிறேன்) அல்லது 'நீல்' (இருக்கவில்லை) என்று வினைச்சொல்லாகவே வரும். 'சாப்பிட்டாயா?' என்றால் 'சாப்பிட்டேன்' என்று விடை சொல்லிப் பழகிய நமக்கு இதில் வியப்பில்லை. 'என்னிடம் புத்தகம் இருக்கிறது' என்பதற்கு அவர்கள் 'தா லௌவர் அகம்' என்பார்கள். புத்தகத்தை உடைமையாக்கும் வினை அங்கும் இல்லை, அது நம்மிடம் இருக்கிறது, அவ்வளவுதான். பசியும் துக்கமும் ஒருவர் 'மேல்' வந்து இருக்கும். மன்னிப்புக் கேட்கும் தொடருக்கே 'துக்கம் என்மேல் இருக்கிறது' என்பது நேர்ப்பொருள்.

ஆயினும் இவற்றை வைத்து உறவு கொண்டாட வேண்டாம். 'அகம்' என்ற ஒலியைக் கேட்டு முதல் வாரம் நானும் துள்ளினேன், அது தற்செயல். ஐரிஷ் இந்தோ-ஐரோப்பிய மொழி. அதில் மூன்று என்ற எண் 'த்ரீ' என்று ஒலிப்பதிலிருந்தே அது சமஸ்கிருதத்தின் பக்கம் நிற்பது தெரியும். வினை வாக்கியத்தின் தொடக்கத்தில் வரும், நமக்கு இறுதியில். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்ட கால்டுவெல், ஸ்காட்லாந்துப் பெற்றோருக்கு மகனாக அயர்லாந்தின் ஆன்ட்ரிம் மாவட்டத்தில் 1814இல் பிறந்தவர் என்பது மட்டும் மெய்யான தொடர்பு.

கேள்வி: பெயருக்கு முன் வரும் 'ஓ', 'மக்' என்பவை சாதிப் பட்டங்களா?

அல்ல. 'ஓ' என்றால் பேரன் அல்லது வழித்தோன்றல். 'மக்' என்றால் மகன். 1014இல் கிளாண்டார்ஃப் போரில் மாண்ட அரசர் பிரையன் போருவின் வழியினர் 'ஓ ப்ரீயன்' ஆனார்கள். பெண்ணுக்கு இது மாறும்: அதே குடும்பத்து மகள் 'நீ வ்ரீயன்', மணமாகி அக்குடும்பத்துக்குள் வந்தவர் 'ஈ வ்ரீயன்'. பெயரின் முதல் ஒலியே 'ப்' இலிருந்து 'வ்' ஆக நெகிழ்வதைக் கவனியுங்கள்.

கேள்வி: உடன் வேலை செய்பவரின் தந்தை இறந்துவிட்டார். வீட்டுக்கு வரச் சொல்கிறார்கள். என்ன செய்ய வேண்டும்? (லிமரிக்கில் பணிபுரியும் செவிலியர்)

தவறாமல் போங்கள், நெருங்கிப் பழகவில்லையே என்று தயங்க வேண்டியதில்லை. இறப்புச் செய்தியை உள்ளூர் வானொலியில் வாசிப்பார்கள். அதைக் கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் பிள்ளைகளின் நண்பர்களாகவோ கடைத்தெருப் பழக்கமாகவோதான் இருப்பார்கள். நான் முதலில் போன துக்க வீட்டில், முன்னறையில் திறந்த பெட்டியில் பெரியவர் படுத்திருந்தார். கைவிரல்களில் ஜெபமாலை சுற்றியிருந்தது. குடும்பத்தினர் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்திருக்க, வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைகொடுத்து, 'உங்கள் துயரத்துக்கு வருந்துகிறேன்' என்ற ஒரே தொடரைச் சொல்லிக்கொண்டே நகர்ந்தார்கள். அதற்குமேல் சொற்களைத் தேட வேண்டாம். பிறகு சமையலறைக்கு அழைத்துச் சென்று, தேநீரும் பன்றி இறைச்சி வைத்த ரொட்டியும் கொடுத்துவிடுவார்கள். மறைந்தவரின் குறும்புகளைச் சொல்லிச் சிரிப்பு எழுந்தால் திகைக்காதீர்கள். நம் ஊரைப் போலத் துக்க வீட்டில் அடுப்பு எரியாமல் இருப்பதில்லை. இரவு முழுதும் உடலருகே யாராவது விழித்திருப்பார்கள்.

முன்பு ஒப்பாரியும் இருந்தது. 'குவீனு' எனப்படும் அந்தப் புலம்பலைப் பெண்கள் பாடினார்கள், சிலர் கூலிக்கும் பாடினார்கள். திருச்சபையின் எதிர்ப்பால் அது மெல்ல மறைந்தது. ஆர்ட் ஓ லேரி என்பவர் 1773இல் கார்க் மாவட்டத்தில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவர் மனைவி ஐலீன் பாடியதாக வழங்கும் புலம்பல் ஐரிஷ் இலக்கியத்தின் உச்சங்களுள் ஒன்று. கத்தோலிக்கர் ஒருவரிடம் உயர்ந்த குதிரை இருந்தால், 5 பவுண்டு நீட்டும் புராட்டஸ்டண்டுக்கு அதை விற்றாக வேண்டும் என்ற சட்டம் அந்நாளில் இருந்தது. ஆர்ட் விற்க மறுத்ததே கொலைக்குக் காரணம் என்பது வழிவழிச் செய்தி. குதிரை தனியே வீடு திரும்ப, சேணத்தில் இரத்தத்தைக் கண்டு அவள் பாய்ந்தேறும் இடத்தை வகுப்பில் வாசித்தபோது, எனக்கு என் பாட்டியின் குரல் கேட்டது.

கேள்வி: ஹர்லிங் ஆட்டத்தில் புள்ளிக்கணக்கு புரியவில்லை.

அயர்லாந்தின் பாரம்பரிய ஆட்டம் இது, ஆஷ் மரக் கட்டையால் பந்தை அடித்து, அணிக்கு 15 பேர் ஆடுவது. பந்து கோல் கம்பங்களுக்கு இடையே, குறுக்குக் கம்பிக்குக் கீழே போனால் கோல், 3 புள்ளி. மேலே போனால் 1 புள்ளி. '2-18' என்று எழுதியிருந்தால் 2 கோல், 18 புள்ளி, ஆக மொத்தம் 24. டப்ளினின் குரோக் பார்க் மைதானத்தில் 82 ஆயிரம் பேர் பார்க்க ஆடுபவர்கள் ஆட்டத்துக்குச் சம்பளம் பெறுவதில்லை. திங்கட்கிழமை ஆசிரியராகவோ தச்சராகவோ வேலைக்குப் போவார்கள்.

கேள்வி: பக்கத்து வீட்டுப் பாட்டி தேநீர் வேண்டுமா என்றார். நாகரிகத்துக்காக வேண்டாம் என்றேன். விடவே இல்லை. அவரைப் புண்படுத்திவிட்டேனா?

இல்லை. இங்கே முதல் மறுப்பை யாரும் கணக்கில் கொள்வதில்லை, இரண்டாவதும் அப்படியே. மூன்றாம் முறை அவர் கெண்டியை அடுப்பில் ஏற்றியிருப்பார். பாலைக் கொஞ்சமாக ஊற்றச் சொல்லுங்கள்.