அப்பா வரைந்த என் படத்தைக் காலண்டராக விற்கிறார்கள், தடுக்க முடியுமா?

கேள்வி: ஓவியரான என் அப்பா 2011-ல் காலமானார். பாயில் தூங்குவது, பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு நிற்பது என்று சின்ன வயதில் என்னை நிறைய வரைந்திருக்கிறார். ஒன்றை அவரிடம் வாங்கியவர் இப்போது காலண்டராக அச்சடித்து விற்கிறார். கேட்டால், "காசு கொடுத்து வாங்கிய படம்" என்கிறார். அது என் முகமாயிற்றே?

பதில்: தடுக்கலாம். முகம் உங்களுடையது என்பதை வைத்து வாதாடாதீர்கள், நீங்கள் ஓவியரின் வாரிசு, அதுதான் பலம். அவர் வாங்கியது கித்தானையும் ஃபிரேமையும். வீட்டில் மாட்டலாம், வேறொருவருக்கு விற்கலாம், அவ்வளவுதான். எழுத்தில் கொடுக்காதவரை அச்சடிக்கும் உரிமை அப்பாவுடையதுதான். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி அவர் இறந்த மறு ஆண்டிலிருந்து 60 வருடம், அதாவது 2071 முடியும்வரை அது வாரிசுகளுக்கு. பிக்காசோ தன் மகன் பாலோவை 1924-ல் ஹார்லெக்வின் என்ற கோமாளியின் உடையில் வரைந்தாரே, அவர் இறந்தது 1973 என்பதால் அந்தப் படத்துக்கே இந்தியாவில் 2033 வரை உரிமை உண்டு.

ஒரே ஒரு இடத்தில் உஷாராக இருங்கள். ஒருவர் பணம் பேசி வரையச் சொல்லி, அதற்காகவே வரைந்த படம் என்றால், மாற்றி ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது பதிப்புரிமை வரையச் சொன்னவருக்குப் போய்விடும். எதிராளி இதைத்தான் பிடித்துக்கொள்வார், "நான் கேட்டுத்தான் வரைந்தார்" என்பார், எனவே பேரத்துக்கு முன்பே படம் இருந்தது என்று நீங்கள் காட்ட வேண்டும். மூலையில் அப்பா போட்ட தேதி, ரசீது, கண்காட்சி அழைப்பிதழ் எல்லாவற்றையும் தேடுங்கள். உங்கள் பழைய பிறந்தநாள் புகைப்படம் ஒன்றில் பின்சுவரில் அந்தப் படம் தெரிந்தால் அதைப் பத்திரப்படுத்துங்கள்.

அப்புறம் இந்தப் பதிப்புரிமைப் பதிவு ஏஜென்ட்டுகள். பதிவு செய்யாமல் வழக்கே போட முடியாது என்று ஆயிரக்கணக்கில் கறப்பார்கள். பதிவு கட்டாயமே இல்லை, வேண்டுமென்றால் ஓவியத்துக்கு அரசுக் கட்டணம் 500 ரூபாய், ஆன்லைனில் நீங்களே செய்துவிடலாம். சமரசம் பேச வருகிறவர் நீட்டும் தாளில் "எல்லா உரிமைகளும்", "நிரந்தரமாக" என்று இருந்தால் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள், அந்த ஒரு தாளோடு மற்ற படங்களும் போய்விடும்.

வாரிசுச் சான்றிதழ் இல்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். ஒரு மகள் தன் அப்பாவுக்கு மகள்தான் என்று எழுதித் தர ஏன் இத்தனை அலைச்சலோ, கேட்பாரில்லை. ஆனால் அதற்காகக் காத்திருந்து காலத்தைக் கடத்தாதீர்கள், நஷ்டஈடு கேட்க மூன்று வருடம்தான். வக்கீல் நோட்டீஸை அச்சகத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். அவர்கள் வெளியூர் என்றாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம்.