‘அபாண்டன்’ தாண்டாத ஆங்கிலம்

வணக்கம்.

நான் திருவாரூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணமாகி வந்ததிலிருந்து சிங்கப்பூரில் இருக்கிறேன். இங்கே ஒரு டியூஷன் சென்டரில் ஆங்கிலம் எடுக்கிறேன். என் வகுப்பில் பெரும்பாலும் சீனாவிலிருந்து புதிதாக வந்த பிள்ளைகள். பன்னிரண்டு முதல் பதினைந்து வயது. இங்கே அரசுப் பள்ளியில் சேர, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கான ஏஇஐஎஸ் தேர்வு எழுத வேண்டும். அதற்காகத்தான் அம்மாக்கள் கூட்டிக்கொண்டு வருகிறார்கள்.

பிள்ளைகள் கடுமையாக உழைக்கிறார்கள். வாரத்துக்கு 150 சொல் கொடுத்தால் எழுத்துப்பிழை இல்லாமல் ஒப்பிக்கிறார்கள். கோடிட்ட இடத்தை நிரப்பச் சொன்னால் இலக்கணத்தில் முழு மதிப்பெண். ஆனால் ஒரு பக்கக் கதையைக் கொடுத்தால் நாலாவது வரியில் நின்றுவிடுகிறார்கள். கட்டுரையில், சொல்லின் கடைசியில் முந்தின நாள் சரியாகப் போட்ட ‘எட்’டும் ‘எஸ்’ஸும் காணாமல் போகின்றன. முதல் வரியில் ‘ஹீ’யாக இருந்த தாத்தா மூன்றாவது வரியில் ‘ஷீ’ ஆகிவிடுகிறார். பெற்றோரோ இன்னும் நிறையச் சொல் கொடுங்கள் என்கிறார்கள். எனக்குச் சீனம் தெரியாது. அது தெரியாமல் இவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே தப்போ என்றுகூடச் சில நாள் தோன்றுகிறது. என்ன செய்யலாம் சார்?

க., சிங்கப்பூர்

அன்புள்ள க.,

முதலில் பெற்றோர் கேட்பதற்குப் பதில்: இன்னும் சொல் கொடுக்காதீர்கள். இப்போது கொடுப்பதையும் குறையுங்கள். அவர்களுக்கு இல்லாதது சொல் அல்ல. தங்கள் அளவுக்கு எளிதான புத்தகம்.

ஆனால் பெற்றோர் ஏன் அப்படிக் கேட்கிறார்கள் என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். சீனப் பள்ளிகளில் மூன்றாம் வகுப்பிலேயே ஆங்கிலம் தொடங்க வேண்டும் என்று 2001இல் முடிவெடுத்தார்கள். கல்லூரி நுழைவுக்கான காவ்காவ் தேர்வில் மொத்தம் 750 மதிப்பெண் என்றால் ஆங்கிலத்துக்கு 150. அதற்குத் தயாராகும் பிள்ளைகளின் பையில் சுமார் 3500 சொற்கள் கொண்ட அகரவரிசைப் பட்டியல் ஒன்று இருக்கும். அதை வைத்து அங்கே ஒரு பழைய கேலி உண்டு. பட்டியலின் தொடக்கத்திலேயே நிற்கும் சொல் ‘அபாண்டன்’. கைவிடு என்று பொருள். பையன் அதைப் படிக்கிறான், சொன்னபடியே கைவிடுகிறான். அடுத்த மாதம் வைராக்கியத்தோடு மறுபடி முதலிலிருந்து தொடங்குகிறான். மறுபடியும் ‘அபாண்டன்’. சீனாவில் ஆங்கிலம் படித்த யாரிடமும் இந்தச் சொல்லைச் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள்.

இதை வெறும் உருப்போடல் என்று நாம் எளக்காரமாகப் பேசிவிடக் கூடாது. அவர்கள் தாய்மொழி எழுத்தறிவே இப்படித்தான் வந்தது. தொடக்கப் பள்ளி முடிப்பதற்குள் ஒரு சீனப் பிள்ளை ஏறத்தாழ 3000 எழுத்துகளை அடையாளம் காணவும், அவற்றில் 2500ஐக் கையால் எழுதவும் தெரிந்திருக்க வேண்டும். கட்டம் போட்ட நோட்டில் ஒரே எழுத்தை வரிவரியாக எழுதித்தான் அது கைக்கு வரும். வந்துவிட்டாலோ பெரிய லாபம். நெருப்பும் வண்டியும் சேர்ந்தால் ரயில். மின்சாரமும் மூளையும் சேர்ந்தால் கணினி. ‘ஒன்று மாதம்’ என்றால் ஜனவரி. புதிய சொல்லைப் பார்த்தவுடன் பாதியாவது ஊகித்துவிடலாம். ஆங்கிலத்தில் அந்த வசதி குறைவு. 1066இல் நார்மன்காரர்கள் இங்கிலாந்தைப் பிடித்ததிலிருந்து வயலில் நிற்கும் மாட்டுக்கு ஒரு பெயர், தட்டில் வந்தால் அதற்கே பிரெஞ்சு வழியில் வந்த வேறு பெயர். ‘கௌ’ தெரிந்தவனுக்கு ‘பீஃப்’ தெரியாது. அதனால்தான் பட்டியல் முடிவதே இல்லை.

இதற்குள்ளேயே உங்களுக்கு ஒரு வழி இருக்கிறது. சொல்லைப் பிரித்துப் பார்க்கும் கண் அவர்களுக்கு ஏற்கெனவே இருக்கிறது. ‘டெலி’, ‘ஸ்கோப்’, ‘கிராஃப்’, ‘அன்’, ‘லெஸ்’ போன்ற துண்டுகளைக் கொடுங்கள். சீன எழுத்துகளைச் சேர்ப்பதுபோல் அவர்களே சேர்த்து விளையாடுவார்கள். 150 தனிச்சொற்களை விட இருபது துண்டுகள் அதிக நாள் நிற்கும்.

பட்டியலின் உண்மையான கெடுதல் வேறு. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சீனச் சொல் என்று அது முடிச்சுப் போட்டுவிடுகிறது. சீனத்தில் ‘காய்’ என்ற ஒரே வினையைக் கொண்டு கதவைத் திறக்கலாம், விளக்கைப் போடலாம், காரும் ஓட்டலாம். பட்டியலில் அதற்கு நேராக ‘ஓப்பன்’. அவ்வளவுதான், பையன் ‘ஓப்பன் தி லைட்’ என்கிறான். ‘ஈட் மெடிசின்’ என்றும் எழுதுவார்கள். மருந்து சாப்பிட்டாயா என்று கேட்டு வளர்ந்த நமக்கு அதில் என்ன தப்பு என்று ஒரு நிமிடம் தோன்றத்தான் செய்யும். ஒரு சொல் எந்தச் சொல்லோடு கூடும், எதோடு கூடாது என்பதைப் பட்டியல் சொல்லாது. பல இடங்களில் பார்த்துப் பார்த்துத்தான் படியும். அதற்கு நிறையப் படிக்க வேண்டும். நாலாவது வரியில் நிற்கிறவன் எங்கே நிறையப் படிப்பது?

ஏன் நிற்கிறான் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. இந்தத் துறையில் பலகாலம் உழைத்தவர் நியூசிலாந்துப் பேராசிரியர் பால் நேஷன். அகராதியின் உதவியில்லாமல் ஒரு பகுதி புரிய வேண்டுமென்றால் அதிலுள்ள சொற்களில் நூற்றுக்கு 98 தெரிந்திருக்க வேண்டும் என்கிறார். நாவலையும் செய்தித்தாளையும் அந்த அளவில் படிக்க எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் வேண்டும் (‘ரீட்’, ‘ரீடர்’, ‘ரீடிங்’ எல்லாம் சேர்ந்து ஒரு குடும்பம்). மிக அதிகமாகப் புழங்கும் 2000 குடும்பங்களை மட்டும் தெரிந்தவனுக்குச் சாதாரண எழுத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் தெரியும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து சொல்லுக்கு ஒரு சொல் ஓட்டை என்றால் நீங்களும் நானும்கூட நாலாவது வரியில் நின்றுவிடுவோம். பெற்றோர் ஓட்டையை அடைக்கச் சொல்கிறார்கள். பட்டியலால் ஒன்பதாயிரத்துக்கு ஏறுவதற்குள் பிள்ளைக்குக் கல்லூரி வயதாகிவிடும். புத்தகத்தை 2000க்கு இறக்குவது இன்றைக்கே முடியும்.

இறக்கி எழுதிய புத்தகங்கள் ஏராளமாக இருக்கின்றன. ‘கிரேடட் ரீடர்’ என்று கேட்டால் கிடைக்கும். இந்த யோசனையை வளர்த்தவர்களில் முக்கியமானவர் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர். அவர் அதைச் செய்து பார்த்தது லண்டனில் அல்ல, 1920களின் டாக்காவில். அங்கே ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்தார். வங்காளப் பிள்ளைகளின் ஆங்கில வாசகங்களைப் பார்த்தார். பக்கத்துக்குப் பக்கம் புதுச்சொல் அடர்ந்து கிடந்தது. பேசுவதைவிடப் படிப்பதுதான் இவர்களுக்கு முதல் தேவை என்று முடிவு செய்தார். புதுச்சொற்களை அரிதாகத் தூவி, வந்த சொல் திரும்பத் திரும்ப வரும்படி வாசகங்களை எழுதினார். 1953இல் வெளியான அவருடைய பொதுச்சொற் பட்டியலிலும் ஏறத்தாழ 2000 சொற்கள்தாம். பட்டியல் போட்டவரே அதை மனப்பாடத்துக்காகப் போடவில்லை, எளிய புத்தகம் எழுதுகிறவர்களுக்காகப் போட்டார் என்பதை அந்த அம்மாக்களிடம் சொல்லலாம்.

அவர்களிடம் சொல்ல இன்னொன்றும் உண்டு. சீனக் கல்லூரிகளின் ஆங்கிலத் துறைகளில் வாசிப்பை இரண்டாகப் பிரிப்பார்கள். ‘ஜிங்து’ என்பது வரிவரியாக அறுத்துப் பார்க்கும் வாசிப்பு. ‘ஃபான்து’ என்பது பரந்து ஓடும் வாசிப்பு. பள்ளியில் பிள்ளைகள் கண்டது பெரும்பாலும் முதல் வகை. ஒரு பக்கத்தைக் கொடுத்தால் அறுக்கத்தான் தோன்றும், ஓடத் தோன்றாது. நீங்கள் செய்யப்போவது ஃபான்து என்று சொன்னால், ஏதோ விளையாட்டுக் காட்டுகிறார் என்று பெற்றோர் நினைக்க மாட்டார்கள். இரண்டும் வேண்டும் என்பது அவர்கள் மரபிலேயே உள்ளது.

சொல் தெரிந்தும் வரி புரியாத சிக்கல் ஒன்று இருக்கிறது. அதில் உங்களுக்குத் தமிழ் கைகொடுக்கும். ‘நேற்று வந்த மாணவன்’ என்கிறோம். சீனத்தில் ‘ஸுவோதியன் லாய் த ஷ்யுவேஷங்’: நேற்று, வா, ஒட்டு, மாணவன். அதே வரிசை! எவ்வளவு நீளமான அடைமொழியானாலும் இரண்டு மொழியிலும் பெயருக்கு முன்னால்தான் வரும். ஆங்கிலத்தில் மாணவன் முதலில் வந்துவிட்டு, அவனைப் பற்றிய விவரமெல்லாம் பின்னால் தொங்குகிறது. ‘த பாய் ஹூ ப்ரோக் த விண்டோ ரேன் அவே’ என்ற வரியைக் கொடுத்து யார் ஓடினார்கள் என்று கேளுங்கள். ஜன்னல் ஓடியது என்று ஒருவராவது சொல்வார். தமிழ்வழியில் படித்துக் கல்லூரிக்கு வந்த என் மாணவர்கள் இதே இடத்தில்தான் இடறினார்கள். நீளமான வரி வந்தால் முதலில் தலைமை வினையைத் தேடச் சொல்லுங்கள், பிறகு அது யாருடைய வேலை என்று கேளுங்கள். சில வாரம் பழகினால் கண் தானாகத் தாவும். இங்கிலாந்திலிருந்து வந்த ஆசிரியருக்கு இது ஒரு சிக்கல் என்பதே தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இனி ‘எட்’, ‘எஸ்’. கோடிட்ட இடத்தில் சரியாகப் போடுகிறார்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆக விதி தெரியும். மறுபடி விதியை நடத்துவதில் பயனில்லை. சீன வினை காலத்துக்கு மாறாது, ‘நேற்று’ என்ற சொல்லே வேலையை முடித்துவிடும் என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காது என்பது என் கணிப்பு. மாண்டரின் அசை உயிரில் முடியும், அல்லது ‘ன்’, ‘ங்’, சில இடங்களில் ‘ர்’ போன்ற ஒலியில் முடியும். ‘வாக்ட்’, ‘ஆஸ்க்ட்’ போல மெய்கள் குவிந்த முடிவு அதில் கிடையாது. கடைசி ‘ட்’ காதில் விழாது, வாயிலும் வராது, கட்டுரை வேகத்தில் கையிலும் நிற்காது. நம் பிள்ளை ‘வாக்டு’ என்று ஓர் உகரம் சேர்த்துக்கொள்வான். உச்சரிப்பு கெட்டாலும் ‘ட’ பிழைத்துவிடும். சீனப் பிள்ளை விழுங்கிவிடுவான். ஆகவே இதற்கு மருந்து சொல்வதெழுதல். தினம் ஐந்து சிறு வாக்கியம் போதும். ஒலிப்பதிவோடு வரும் கிரேடட் ரீடர் என்றால் கேட்டுக்கொண்டே படிக்கட்டும்.

தாத்தா பாட்டியாவதற்கு அவ்வளவு கவலை வேண்டாம். பேச்சில் அவன், அவள், அது மூன்றும் ‘தா’. எழுத்தில் மட்டும் வேறுவேறு. ‘அவள்’ என்பதற்குத் தனி எழுத்தே 1920 வாக்கில்தான், லியூ பான்நொங் என்ற கவிஞரின் முயற்சியால் புழக்கத்துக்கு வந்தது. கட்டுரையை முடித்த பிறகு ‘ஹீ’, ‘ஷீ’ மட்டும் பார்க்க ஒரு தனி ஓட்டம் ஓடச் சொல்லுங்கள். ‘ஆல்தோ’ போட்ட வாக்கியத்தில் ‘பட்’டும் வரும்; சீனத்தில் இரண்டும் சோடியாக வருபவை, ஒரு முறை காட்டினால் பிடித்துக்கொள்வார்கள். ‘தி’, ‘அ’ பிழைகளை முதல் சில மாதம் சிவப்பு மையால் தொடவே வேண்டாம். அது கடைசியில்தான் வரும். எல்லாப் பிழையையும் சுழித்த தாளைப் பிள்ளை மடித்துப் பைக்குள் வைத்துவிடும், படிக்காது.

சீனம் கற்க வேண்டுமா? ஆசை இருந்தால் கற்றுக்கொள்ளுங்கள், வேலைக்காகத் தேவையில்லை. மேலே சொன்னது போன்ற சில செய்திகள் தெரிந்தால் பிழைகளின் முக்கால் பங்குக்கு வேர் தெரிந்துவிடும். மீதியைப் பிள்ளைகளிடமே கேளுங்கள், ‘இதைச் சீனத்தில் எப்படிச் சொல்வாய்?’ என்று. டீச்சருக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரிகிறது என்றால் வாயே திறக்காத பையனும் பேசுவான்.

ஒரு நடைமுறைச் சிக்கல் மட்டும் மிச்சம். பதினாலு வயதுப் பையன், கணக்கில் புலி, அவன் கையில் முயல் படம் போட்ட புத்தகத்தைக் கொடுத்தால் அவமானப்படுவான். மொழி எளிதாகவும் கதை பெரியவர்களுக்கானதாகவும் உள்ளதைத் தேடுங்கள்: துப்பறிதல், பேய், விண்வெளி, உண்மைக் குற்றம். வாரத்தில் ஒரு வகுப்பைப் பக்கத்துப் பொது நூலகத்தில் வைத்துக்கொள்ள சென்டர் அனுமதிக்குமா என்று கேட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு ஐந்தாறு தெரியாத சொல் இருந்தால் வைத்துவிட்டு வேறு புத்தகம் எடுக்கலாம், பாதியில் பிடிக்காவிட்டாலும் மாற்றலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடித்தவனிடம் தயவுசெய்து கேள்வித்தாளை நீட்டாதீர்கள். அடுத்தது எது வேண்டும் என்று மட்டும் கேளுங்கள்.

அன்புடன்.